வாளியின் அடியில் ஒரு கையெழுத்து

கண்காட்சியில் அவர்கள் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு திக்கித் திணறியதைக்கூடத் தங்கை பொறுத்துக்கொண்டிருப்பாள். அத்தனை பேர் முன்னால் அண்ணன் வாயைத் திறந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"படமெல்லாம் பக்கா. என் தங்கச்சி பண்ணின கோடிங்தான் இழுக்குது. சரி பண்ணிடுவோம்" என்றான் சிரித்துக்கொண்டே. கூட்டமும் சிரித்தது. அவள் பின்னால் ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றாள். காதெல்லாம் சுட்டது.

இருவருமாகச் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி அது. வரைவது அண்ணன், ஓட வைப்பது தங்கை. அண்ணன் சுவர் வரைந்தால் காரை உதிர்ந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் அந்தச் சுவர், கம்ப்யூட்டரில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டின் மெமரியில் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று மட்டும் அந்த மகராசனிடம் கேட்கக் கூடாது. கேட்டால், "அது உன் டிபார்ட்மென்ட்" என்பான். அவன் மேசையில் இருப்பது பதினாறு ஜிபி கார்டு. காசு கொடுத்து வாங்கி விளையாடப் போகிறவர்களில் பாதிப் பேரிடம் எட்டுதான். கண்காட்சியில் கொடுத்த கம்ப்யூட்டரிலும் எட்டுதான். இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலை ஆபீஸ் மாடிப்படியிலேயே அண்ணி அவளை மடக்கினாள். கம்பெனிக்குச் சவுண்டு வேலை பார்ப்பவள் அண்ணிதான். ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிவாள்.

"உங்கண்ணன் வெளியாள் ஒருத்தரைப் பேசி வச்சிருக்காரு. இன்னைக்குப் போன் வரும். நீ எழுதினதத் தூக்கிப் போட்டுட்டு அவரு முதல்லேர்ந்து எழுதப் போறாராம். நான் சொன்னேன்னு சொல்லிடாத தாயே."

தங்கைக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. முதலிலிருந்தா? ராப்பகலாக உட்கார்ந்து இழைத்த வேலையைத் தூக்கிப் போடுவது இவனுக்கு அவ்வளவு லேசாகப் போய்விட்டதா? அண்ணன் இன்னும் வந்திருக்கவில்லை. நேராக அவன் மேசைக்குப் போய், திருப்புளியை எடுத்து, கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். பதினாறு ஜிபி கார்டைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டு, அதே சிப் உள்ள எட்டு ஜிபி கார்டைச் செருகினாள். மூடியைத் திரும்ப மாட்டவில்லை. வந்து பார்க்கட்டும்.

வந்து பார்த்தான். "என் மெஷின்ல யாரைக் கேட்டுக் கை வச்ச?"

"உக்காரு. விளையாடு."

மற்ற ஊழியர்கள் தத்தம் திரையை முறைத்துப் பார்த்தார்கள். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

சந்துகளில் விளையாட்டின் நாயகன் ஒழுங்காகத்தான் நடந்தான். கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் படம் நின்றது. துள்ளியது. மறுபடி நின்றது. தூக்கிய காலைக் கீழே வைக்கலாமா வேண்டாமா என்று நாயகன் யோசித்துக்கொண்டு நின்றான்.

"பாத்தியா? உன் கோடிங்தான்."

"நேத்து வரைக்கும் இதே மெஷின்ல இதே கோடிங் வழுக்கிட்டு ஓடலையா? கார்டை மாத்தினேன், அவ்வளவுதான். சிப்பு அதேதான், மெமரி பாதி. நீ வரைஞ்சது எட்டுக்குள்ள அடங்கல. அடங்காததை ஒவ்வொரு தடவையும் வெளிய போய் எடுத்துட்டு வருது. ஒரு ஆள் நிக்கிற அடுப்படியில ஊருக்கே சமைக்கிற பாத்திரத்தை அடுக்கி வச்சா, கரண்டி எடுக்கக்கூட வாசலுக்குத்தான் ஓடணும்."

"சும்மா சாக்குச் சொல்லாத."

அவள் ஒரு விசையைத் தட்டினாள். எந்தப் பொருள் எவ்வளவு மெமரி தின்கிறது என்று நிறத்தில் காட்டுவதற்கு அவள் எப்போதோ செய்து வைத்த வசதி அது. அண்ணன் ஒருதரம்கூட அதைத் திறந்ததில்லை. அதிகம் தின்றால் சிவப்பு. கடைத்தெரு முழுக்கச் சிவந்துபோனது. சுவர் சிவப்பு, அது நியாயம். மூலையில் கிடந்த வாளியும் சிவப்பு. துடைப்பம் சிவப்பு. கதவுத் தாழ்ப்பாள் சிவப்பு.

"அவ்வளவு பெரிய சுவருக்கும் நாலாயிரத்துக்கு நாலாயிரம் பிக்சல், இந்தத் துக்கடா வாளிக்கும் அதேதானா? எதுக்கு?"

அவள் காட்சியைச் சாய்த்து வாளியின் அடிப்பக்கத்துக்குப் போனாள். அங்கே, அழகான பொடி எழுத்தில், அண்ணனின் கையெழுத்து. துடைப்பக் கட்டையின் நுனியில் அதே கையெழுத்து. தாழ்ப்பாளின் பின்புறத்திலும் அதுவே. படத்தைச் சிறிதாக்கினால் எழுத்து கலைந்துபோகும். அதற்காக ஐயா எதையுமே சிறிதாக்கவில்லை. யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"இதுக்குத்தானா?" அவள் குரல் நடுங்கியது. "உன் பேரு அழியக்கூடாதுன்னு வாங்குறவன் மெஷின் மூச்சு முட்டணும், பழி மட்டும் எனக்கா? நான் எழுதினதுல எங்கயாவது எம் பேரு கிடக்கா, சொல்லு!"

"வரைஞ்சவன் கையெழுத்துப் போடுறது ஒரு குத்தமா?"

அவளுக்கு அழுகை முட்டியது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. அவனை நாற்காலியோடு தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். சுவர்களையும் முகங்களையும் தொடவில்லை. சில்லறைச் சாமான்களின் படங்களை மட்டும் நீள அகலத்தில் பாதியாக்கினாள். அவை தின்ற மெமரி கால்வாசிக்கு இறங்கியது. இன்னொரு முறை பாதியாக்கிவிட்டு விளையாட்டைத் திரும்ப ஓட்டினாள்.

கடைத்தெருவில் நாயகன் ஓடினான், திரும்பினான், கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வந்தான். ஓரிடத்திலும் தடுக்கவில்லை. அண்ணிதான் முதலில் கைதட்டினாள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். அண்ணன் மட்டும் மவுஸை வாங்கி வாளியின் அடியைப் பார்த்தான். கையெழுத்து இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் இருந்தது.

தங்கை காத்திருந்தாள். ஊர் கேட்கப் பழி போட்டவன், இந்த அறை கேட்க ஒரு வார்த்தை சொல்லட்டும். தப்பு என் பேரில்தான் என்று சொன்னால் போதும். அதற்குமேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அண்ணனின் போன் அடித்தது.

"சொல்லுங்க சார்... இல்ல சார், நீங்க வர வேண்டியதில்ல. என்ன பிரச்சினைன்னு நானே கண்டுபிடிச்சிட்டேன். கார்டு மெமரிதான். நானே உக்காந்து படத்தையெல்லாம் சுருக்கிட்டேன். இப்ப சும்மா பறக்குது."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். தங்கை எழுந்து கையை நீட்டி, அவன் காதிலிருந்த போனை வாங்கினாள். அவன் திகைப்பில் கொடுத்துவிட்டான்.

"சார், நான் அவரோட தங்கச்சி பேசுறேன். அந்தக் கோடிங் எழுதினது நான். படத்தைச் சுருக்கினதும் நான்தான்." குரல் இப்போது நடுங்கவில்லை. "நீங்க தாராளமா வாங்க சார். இங்க என் இடம் காலியாத்தான் இருக்கு."