மாதம் ஆறாயிரத்து இருநூறு அடி

விமானம் ஓட்டப் படிப்பதற்காக நான் வங்கியில் நான்கு லட்சத்து இருபதாயிரம் அடி உயரம் கடன் வாங்கியிருந்தேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியை அடமானமாக எழுதிக்கொடுத்தோம். மாடி அக்காவுடையது. மீனலோசனி அக்கா அங்கே பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறாள். தரையிலிருந்து கூரைவரை ஒன்பதரை அடி என்று வங்கி ஆட்கள் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும்போது அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேனா சரியாக எழுதவில்லை என்று மட்டும் சொன்னாள்.

படித்து முடித்ததும் வேலை கிடைத்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்வரும் சின்ன விமானத்தில் நான் துணை விமானி. மாதச் சம்பளம் ஒன்பதாயிரம் அடி. அதில் ஐயாயிரத்தை வங்கி தவணைக்கு எடுத்துக்கொள்ளும். இரண்டாயிரம் பி.எஃப்.புக்குப் போகும். மீதி இரண்டாயிரம் என் கையில். பறப்பதால் உயரம் செலவாவதில்லை, இறங்கும்போது முழுசாகத் திரும்பி வந்துவிடும். அதனால் மாதம் முழுவதும் அதே உயரத்தைத்தான் ஏற்றி இறக்கிக்கொண்டிருப்போம். கேப்டனுடையதும் என்னுடையதும் சேர்த்துப் பதினைந்தாயிரம் அடி இருந்தால்தான் கம்பெனி வண்டியை எடுக்க விடும்.

என் கேப்டன் ஜெசிந்தா மோத்தா, தூத்துக்குடிக்காரர். அவருக்குக் கடன் கிடையாது. மாதாமாதம் பதினான்காயிரத்தை அலுங்காமல் கொண்டுவந்து வைப்பார். நான் ஆயிரம் வைத்தால் போதும். நான் சேர்ந்தபோது அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்கூட இல்லை. மகள்கள் படிப்புக்கு இரண்டு தடவை, வீட்டுக்காரர் வைத்தியத்துக்கு ஒரு தடவை என்று பி.எஃப்.பை வழித்து எடுத்துவிட்டார். கணக்கில் மிச்சம் நாற்பது அடி.

ஓய்வு பெற்ற விமானிகள் தங்கள் பி.எஃப். உயரத்தில்தான் குடியிருக்க வேண்டும். கேப்டன் கோதண்டபாணி மூன்று லட்சம் அடியோடு ஓய்வு பெற்றவர். மாதச் செலவுக்கு இறங்கி இறங்கி, இப்போது விழுப்புரத்துக்கு மேலே பதினைந்தாயிரத்தில் இருக்கிறார். சாய்வு நாற்காலியும் மங்கி குல்லாவுமாக உட்கார்ந்திருப்பார். காலை விமானத்தில் நாங்கள் வேகத்தைக் குறைத்து ஜன்னல் வழியாகப் பேப்பரை நீட்டுவோம். ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. நேற்று ஏன் லேட் என்றுதான் கேட்பார்.

தரையைத் தொடுவதற்குள் ஆயுள் முடிந்துவிட வேண்டும், திட்டமிடல் என்றால் அதுதான் என்று மனிதவளப் பிரிவு அருள்மொழி எனக்கு விளக்கினார். நான் போடும் ஒவ்வோர் அடிக்கும் கம்பெனி தன் பங்காக ஓர் அடி போடும். நான் நிறுத்தினால் அவர்களும் நிறுத்திவிடுவார்கள். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் தங்கள் பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். சும்மா வருகிற உயரத்தை வேண்டாம் என்கிறவன் மடையன் என்பது என் கட்சி. நிலாவுக்குப் போகும் வழியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாக அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நாக்கில் எச்சில் ஊறும்.

வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆனபோது வட்டி ஏறியது. தவணை ஆறாயிரத்து இருநூறு அடி. பி.எஃப். போகக் கையில் எண்ணூறுதான் நின்றது. விமானம் கிளம்ப இருநூறு அடி குறைந்தது. ஒன்று, பி.எஃப்.பை நிறுத்த வேண்டும். அல்லது தவணையை விட வேண்டும். வங்கிக் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். தவறும் ஒவ்வொரு தவணைக்கும் அடமானத்தில் ஓர் அடி பிடித்தம் செய்யப்படும் என்று போட்டிருந்தது. ஆறாயிரத்து இருநூறு அடிக்குப் பதிலாக ஒரே ஓர் அடி. இவ்வளவு மலிவாக ஒரு வங்கி எப்படிப் பிழைக்கிறது என்று எனக்கு அவர்கள்மேல் பரிதாபமே வந்தது.

தவணை கட்டுவதை நிறுத்தினேன். கையில் ஏழாயிரம் அடி புரண்டது. விமானம் இருபத்தோராயிரத்தில் போனது. கேப்டன் கோதண்டபாணிக்குப் பேப்பரை மேலிருந்து போட்டோம். கையில் உயரம் இருக்கிறது என்றால் சொந்தக்காரர்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும். போலீஸ் தேர்வில் உயரம் போதாமல் நின்ற சித்தப்பா மகனுக்கு ஒன்றரை அங்குலம் கொடுத்தேன். தண்ணீர் வேகமாக வருவதில்லை, டேங்கைத் தூக்கி வைக்க வேண்டும் என்று அம்மா பன்னிரண்டு அடி கேட்டாள். பதினைந்தாக வைத்துக்கொள் என்றேன்.

ராஜபாளையத்தில் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வங்கியிலிருந்து இரண்டு பேர் ஜாக்கியோடு வந்து கூரையை ஓர் அடி இறக்கி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். முதல் மாதம் மின்விசிறியைக் கழற்றி வைத்தார்கள். மூன்றாம் மாதம் பிள்ளைகள் கையைத் தலைக்குமேல் தூக்க வேண்டுமென்றால் முழங்காலை மடக்கி அரைமண்டியில் இருந்தே ஆக வேண்டும் என்றானது. நான்காம் மாதம் வகுப்பு தொடங்கினதிலிருந்து முடிகிறவரை அரைமண்டிதான். பெற்றோருக்கெல்லாம் ஒரே சந்தோஷம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் போட்டியில் முதல் பரிசு. இப்படியொரு அரைமண்டியைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று நடுவர் மேடையிலேயே சொன்னாராம். கேடயத்தோடு எடுத்த போட்டோவை அக்கா அனுப்பியிருந்தாள். அதில் அவளும் குனிந்திருந்தாள். நடுவருக்கு வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, சபாஷ் என்று பதில் போட்டேன்.

அடுத்த ஐந்தாம் தேதிக்கு முந்தின வாரம் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, கூரை அஞ்சரை அடிக்கு வந்துருச்சு. அரைமண்டி நல்லா வருது, அத விடு. குதிச்சு மெட்டு அடவு சொல்லிக்குடுக்க முடியல. ஒரு பிள்ளை குதிச்சு ரெண்டு மாசமாச்சு."

ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன் என்பதுபோல் ஏதோ உளறினேன்.

"அறுபத்தஞ்சு வயசுல எவ்வளவு உசரத்துல இருக்கணும்னு நீ பாக்குற. எனக்கு இப்ப முப்பத்தாறு. நான் குனிஞ்சுதான்டா நிக்கிறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் நிற்கிற அறையை நான்கு முறை வெட்டி விற்றிருக்கிறேன், அதை லாபம் என்று வேறு எண்ணியிருக்கிறேன்.

மறுநாள் விமானத்தில் ஜெசிந்தா மேடத்திடம் சொன்னேன். பி.எஃப்.பை மொத்தமாக எடுத்தால் கடைசியில் எனக்கு என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை என்றேன். அவர் திருச்சி டவருக்குப் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு நாப்பது அடி தம்பி. கொசு ஏறாது. பக்கத்து வீட்டு மீன்கொழம்பு வாசம் வரும். ரெண்டும் சேந்த எடம் வேற எங்க கெடைக்கும்?"

பி.எஃப். கணக்கில் என் பங்கு முப்பத்தாறாயிரம் அடி, கம்பெனி பங்கு முப்பத்தாறாயிரம். எடுப்பதற்கான காரணம் என்ற கட்டத்தில், அக்கா நிமிர வேண்டும் என்று எழுதினேன். அருள்மொழி அதைப் படித்து, அதற்கு ஒரு குறியீட்டு எண் இருக்கிறது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டார். கம்பெனி தன் பங்கை வாங்கிக்கொண்டது. இனி ஐந்து வருடத்துக்கு ஓர் அடிகூடப் போடாது. என்னுடையதை வங்கி மேலாளர் திலகராணியின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தேன். நான்கு தவணை, அபராதம், மீதியில் பெரும்பகுதியைக் கடனில் கழித்தது போக ஏழு அடி நின்றது. அதை என்ன செய்யட்டும் என்று கேட்டார். ஓய்வுக்காலத்துக்கு இருக்கட்டும் என்றேன். ஏழு அடியில் குடியிருந்தால் கீழே போகிறவர்கள் தலையில் கால் இடிக்கும், மடக்கி வைத்துக்கொள்ளப் பழகுங்கள் என்று அக்கறையாகச் சொன்னார். அந்த மாதக் கடைசியில் ஜெசிந்தா மேடம் ஓய்வு பெற்றார். வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்கும்போது பார்த்தால் நாற்பது அடியில் கொடி கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்.

லீவு கிடைத்ததும் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். மாடியில் கூரை ஒன்பதரை அடிக்குத் திரும்பியிருந்தது. அக்கா கையில் தட்டுக்கழியோடு நட்டநடுவில் நிமிர்ந்து நின்றாள். அவள் என்னைவிட உயரம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். மின்விசிறியை மாட்டியிருந்தார்கள், ஆனால் ஓடவில்லை. ஒரே புழுக்கம். விசிறியைப் போட ஸ்விட்ச் பக்கம் போனேன். அக்கா வேண்டாம் என்று கூரையைக் காட்டினாள்.

விசிறிக்குப் பக்கத்தில், நுனிக்காலை நீட்டியபடி, அக்காவின் மாணவி ஒன்பது வயது நேத்ரா அந்தரத்தில் நின்றிருந்தாள். அவள் அம்மா ஸ்டூல்மேல் ஏறித் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"வியாழக்கெழமை குதிச்சா," என்றாள் அக்கா. "ரெண்டு மாசம் குதிக்காமயே இருந்தா இல்ல, எல்லாம் சேந்து கெடந்திருக்கு. ஞாயித்துக்கெழமை சாயந்தரம் எறங்கிருவா."

மற்ற பிள்ளைகள் தங்கள் முறைக்காகச் சுவரோரம் வரிசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நேத்ராவின் கால் தரையைத் தொடும் அதே கணத்தில் தாளம் தட்டியாக வேண்டும், அதனால் அக்கா மூன்று நாளாகக் கழியை ஓங்கியபடியே இருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். கழியை வாங்கிக்கொண்டேன். அவள் கழுத்தை ஒரு சொடக்கு எடுத்துவிட்டு, படியில் நிமிர்ந்தே இறங்கிப் போனாள். நான் மரத் தட்டுமனைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கழியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.