மஞ்சள் வாஷர்

பூதம் என்று சொல்லி ஒரு போல்ட்டைத் தூக்கி வைத்தால் யாருக்குப் பயம் வரும் என்பது எட்வர்டின் நெடுநாள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூதம் வந்து நிற்கிற நேரம் பார்த்தே அதைக் கேட்டால் கதை சொல்கிறவளுக்கு எப்படி இருக்கும்? கிறிஸ்டினாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் பாகங்கள் வார்க்கும் கம்பெனி ஒன்றில், சரக்கைச் சரிபார்த்து ஸ்டிக்கர் ஒட்டும் கடைசி இன்ஸ்பெக்ஷன் அவள் வேலை. எட்வர்டு அங்கேயே மெஷின் ஆபரேட்டர், வரதன் ஸ்டோர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் புதுவாயலில் கிறிஸ்டினா வீட்டு மாடி அறையில் கூடுவார்கள். ஆட்டம் இதுதான்: கிறிஸ்டினா ஓர் உலகத்தைச் சொல்லுவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இறங்கி, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். நினைத்தது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்ட, கட்டம் போட்ட சார்ட்டின் மேல் வாஷர்கள். ஹார்டுவேர் கடையில் வாங்கி அவளே நெயில் பாலிஷ் பூசியவை. எட்வர்டு பச்சை, வரதன் நீலம், சுமலதா மஞ்சள்.

சுமலதா மட்டும் கம்பெனி ஆள் இல்லை. கூட்ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் கிறிஸ்டினா இந்த ஆட்டத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேச, "நானும் வர்ட்டா?" என்று கேட்டு வந்து சேர்ந்தவள். கடையில் அவள் பேச ஆரம்பித்தால் மெஷின் சத்தம் கேட்காது. மாடி அறைக்கு வந்தால் மட்டும் கப்சிப். மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பாள், அவ்வளவுதான். ரசித்துக்கொண்டிருக்கிறாள் என்று கிறிஸ்டினாவும் விட்டுவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை ஜாக்கெட்டைக் கவரில் போட்டுக் கொடுத்தபடியே சுமலதா சொன்னாள்: "நாளைக்கு வரேன் கிறிஸ்டி. அதுக்கப்பறம் என்னை எதிர்பார்க்காத."

"இன்னாக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. தீவாளி வேலை தலைக்கு மேல கெடக்குது."

தீபாவளிக்கு இன்னும் மாசக்கணக்கில் இருந்தது. கிறிஸ்டினாவுக்கு முகம் விழுந்துவிட்டது. கம்பெனிக்கு வெளியே அவளுக்கென்று வாய்த்த ஒரே சிநேகிதி சுமலதாதான். இந்த ஆட்டத்துக்கு நானும் வரட்டுமா என்று தானாகக் கேட்ட ஒரே ஆளும் அவள்தான். அவளே சலித்துப் போய்க் கிளம்புகிறாள் என்றால் கோளாறு எங்கே?

வாஷரில்தான் என்று தோன்றியது. கிறிஸ்டினா வாஷர் கட்சி. ஆளைக் காட்ட வாஷருக்குப் பதில் பொம்மை வைத்து, அதற்கு ஒரு மூக்கும் வைத்துவிட்டால் எல்லாருக்கும் அதே மூக்குதான். வாஷருக்கு அவரவர் இஷ்டப்பட்ட மூக்கை வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் வாதம். எட்வர்டு பொம்மைக் கட்சி. ஆன்லைனில் வாங்கிப் பெயிண்ட் அடித்துப் பத்திரமாக வைத்திருந்தான். இவள்தான் இத்தனை நாளாக அவற்றை உள்ளே விடவில்லை. கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவனுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு உன் பொம்மைங்கள எடுத்துக்கினு வா."

"நெசமாவா?" என்றான் எட்வர்டு. "மேசையும் பெருசா ஒண்ணு எடுத்தாறவா?"

"பொம்மை மட்டும் போதும்டா."

ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட் டப்பாவில் பஞ்சு வைத்து அதற்குள் பொம்மைகளைக் கொண்டுவந்தான். விரல் உயரம். வாள் வீரன், நீளக் காதுக்காரி, தாடி வைத்த குள்ளன், இறக்கையை விரித்த பூதம். பூதத்தின் நகம் வரை பெயிண்ட். கிறிஸ்டினாவுக்குப் பொறாமையாக இருந்தது, அழகாகவும்தான் இருந்தது. போல்ட்டை எடுத்து ஜன்னல் ஓரம் வைத்தாள். எட்வர்டு வாள் வீரனை எடுத்துக்கொண்டான். வரதன் குள்ளனைப் பிடித்துக்கொண்டு, "என் தொப்பைய எப்பிடி நைனா கரெக்டா பண்ணாங்க?" என்று கேட்டான்.

சுமலதா ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் திரும்பப் பஞ்சில் வைத்தாள்.

"எதுவும் புடிக்கலியாக்கா?" என்றாள் கிறிஸ்டினா. குரலில் கெஞ்சல் எட்டிப் பார்த்தது.

"நல்லாத்தான் இருக்குது. என் ஆளு இதுல இல்ல."

"யாரு உன் ஆளு?"

சுமலதா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "வாத்து மேய்க்கிறவ. மொத நாளே சொன்னேனே?"

சொன்னாள்தான். இப்போது ஞாபகம் வந்தது. அறுப்பு முடிந்த வயல்களில் வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள். கத்தி தூக்கத்தான் நீங்கள் இருக்கிறீர்களே என்றுகூடச் சொன்னாள். அதற்குப் பிறகு இந்த அறையில் ஒரு வாத்தும் நடமாடியதில்லை. எப்படி?

கிறிஸ்டினாவுக்கு அதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் போலிருந்தது. "இருங்க. வாஷரைப் பார்க்கும்போது உங்க கண்ணுக்கு இன்னா தெரியும்? எட்வர்டு, நீலம்?"

"ஒல்லியா ஒரு மந்திரவாதி."

"அடப்பாவி, என் ஆளு மீன் புடிக்கிறவன்டா!" என்றான் வரதன்.

"மஞ்சள்?"

எட்வர்டு யோசித்தான். வரதன் பின்னந்தலையைச் சொறிந்தான். "உள்ளதச் சொல்றேன், கோச்சிக்காத. மஞ்சளைப் பார்த்தா எனக்கு ஒண்ணும் தோணாது. அது ஹோல்டுதானே?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. எட்வர்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டான்.

"ஹோல்டுன்னா இன்னாது?" என்று சுமலதா கேட்டாள்.

கிறிஸ்டினாதான் சொல்லவேண்டியிருந்தது. கம்பெனியில் பச்சை ஸ்டிக்கர் இருந்தால் நல்ல சரக்கு, சிவப்பு இருந்தால் கழிவு. மஞ்சள் இருந்தால் மேலேயிருந்து முடிவு வரும்வரை யாரும் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது. இருக்கிற இடத்திலேயே இருக்கும், எல்லாரும் சுற்றிக்கொண்டு போவார்கள். சொல்லச் சொல்ல அவளுக்குத் தன் கையே கண்முன் வந்தது. எட்வர்டு, நீ இன்னா பண்ற? வரதண்ணே, நீ? அங்கிருந்து நேராகப் போல்ட்டுக்கு. ஒவ்வொரு சுற்றும் அந்தக் கை மஞ்சளை ஒதுக்கிவிட்டுத்தான் போயிருக்கிறது. தினமும் ஷிப்ட் முழுக்க அந்தக் கைக்கு அதுதானே வேலை!

"ஆரம்பத்துல வாயத் தொறந்து பார்த்தேன்," என்றாள் சுமலதா. "அதுக்குள்ள நீ போல்ட்டுகிட்ட போயிருப்ப. சரி, நமக்கு இந்த ஆட்டம் வரல போலன்னு நெனச்சிக்கினேன்."

கிறிஸ்டினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாஷருக்கு அவரவர் மூக்கு என்று பெருமை பேசியவள், ஒரு முழு மனுஷியையே பார்க்காமல் இருந்திருக்கிறாள். "மன்னிச்சிக்கக்கா. உன் மேல தப்பே இல்ல," என்றாள்.

எட்வர்டு அவசரமாக எழுந்தான். "நெயில் பாலிஷ் எங்கக்கா? வேற கலர் அடிச்சிடலாம்."

சுமலதா மஞ்சள் வாஷரின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். "வாத்துக்குஞ்சு மஞ்சளாத்தான் இருக்கும். உங்க கம்பெனிக்கோசரம் நான் இன்னாத்துக்குக் கலர் மாத்தணும்?" கடையில் பேசுகிற குரல். அந்த அறையில் அதை அவர்கள் கேட்பது அதுவே முதல் தடவை.

"வாத்துங்க எங்க?" என்று வரதன் கேட்டான்.

அவள் பைக்குள் கையை விட்டாள். கடைக்கென்று பஜாரில் வாங்கிய பொத்தான் பொட்டலத்தைப் பிரித்து வாஷரைச் சுற்றிக் கொட்டினாள். சார்ட் முழுக்க வெள்ளை வாத்துகள்.

கிறிஸ்டினா பூதத்தை எடுத்து, சார்ட்டில் வரைந்திருந்த பாலத்தின் நடுவில் நிறுத்தினாள். வழக்கம்போல எட்வர்டு பக்கம் போன கண்ணைப் பிடித்து இழுத்து மஞ்சளிடம் கொண்டுவந்தாள். "ஆத்துப் பாலத்த மறிச்சிக்கினு பூதம் நிக்குது. சுமாக்கா, நீ இன்னா பண்ற?"

"பாலம் இன்னாத்துக்கு?" என்றாள் சுமலதா. "என் வாத்துங்க நீந்தும். தண்ணியில எறக்கி உட்றேன். நான் வால் பக்கமா அதுங்களோடவே போறேன்."

பாலத்தில் எப்படிச் சண்டை போடுவது என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் பேசியிருக்கிறார்கள். ஆற்றைப் பற்றி ஒருவரும் நினைத்ததில்லை. சுமலதா பகடையை உருட்டினாள். நல்ல எண் விழுந்தது. விரலால் பொத்தான்களைத் தள்ளித் தள்ளி அக்கரை சேர்த்தாள். வாள் வீரனும் மீன்காரனும் அவள் பின்னாலேயே இறங்கினார்கள்.

"அப்ப என் பூதம்?" என்றான் எட்வர்டு பரிதாபமாக.

"நிக்கட்டும் நைனா. அழகாத்தான் இருக்குது," என்றாள் சுமலதா.

டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது சுமலதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பொத்தான்கள் அக்கரையிலேயே கிடந்தன. கிறிஸ்டினா அவற்றை அள்ளிப் பொட்டலத்தில் போடப் போனாள்.

"அத ஏன் தொடுற?" என்றாள் சுமலதா, படியில் செருப்பைத் தேடிக்கொண்டே. "இங்கயே இருக்கட்டும். வாரா வாரம் தூக்கிக்கினு வர்றது பேஜாரு."