கீழ்க்குழிக் கல்

ஆய்வுக்கூடத்தில், கல்லுக்குள் எது எவ்வளவு என்று அளக்கும் பெரிய இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கு ‘மின்னல்’ என்று யாரோ பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வைத்த ஆள் நல்ல குறும்புக்காரராகத்தான் இருக்க வேண்டும். மனிதர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு அடுத்ததற்கு விரல் நகர்த்துவதற்குள் நாம் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். அன்று காலை அவர் மேல் அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. உண்மையில் எரிச்சல் அவர் மேல் இல்லை. திரையில் பெரிதாகத் தெரிந்த, குரோமியத் தாதுவான குரோமைட்டின் ஒரு மணியின் மேல்.

“இன்னொரு தடவை அளந்து பாருங்க சார்” என்றாள்.

“எத்தனை தடவை அளந்தாலும் அது அதே கல்லுதாம்மா” என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி அளந்தார். அதே எண்கள். அவர் டீ குடிக்கப் போய்விட்டார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் கணவன் ஒரு குரோமியச் சுரங்கத்தில் நிலவியலாளன். ஒரு காலத்தில் கடலின் அடித்தரைக்கும் கீழே, பூமியின் ஆழத்தில் கிடந்த பாறை, எப்படியோ மேலேறி வந்து மலையாக நிற்கிற இடம் அது. அங்கே இரண்டு குழிகள். மேல்குழிக் கல் கன்னங்கரேலென்று ஒரே கட்டியாக இருக்கும். கீழ்க்குழியிலோ, பச்சைப் பாறைக்குள் கடுகு தூவினாற்போல மணி மணியாக இருக்கும். அவன் கல்லை அறுத்து அனுப்புவான், அவள் இங்கே அளப்பாள். மேல்குழியை விடக் கீழ்க்குழி மணிகளில் அலுமினியம் குறைவு, குரோமியத்தின் பங்கு தூக்கல். அப்படியானால் இரண்டும் ஆழத்தில் இரண்டு வேறு பாறைக்குழம்புகளில் பிறந்தவை என்று அவன் ஒரு கோட்டை கட்டினான். செங்கல் எடுத்துக் கொடுத்தவள் அவள்.

அந்தக் கோட்டையைக் காட்டித்தான் இன்று பிற்பகல், அவள் வேலை பார்க்கும் இதே பல்கலைக்கழகத்தில், ஆசிரியர் பதவிக்கு அவன் பேச வேண்டும். கிடைத்தால் ஒரே வீடு. கல்யாணமான நாளிலிருந்து அவன் சுரங்கத்தில், அவள் இங்கே. மகள் பிறந்தும் அதே கதைதான். அப்பாவைப் படம் வரையச் சொன்னால் அந்தக் குழந்தை ஒரு கைப்பேசியை வரைந்து, அதற்குள் மீசை போடுகிறாள்.

பேச்சுக்கு ஒரு நல்ல படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தான். அழகாக இருக்கட்டுமே என்று கீழ்க்குழிக் கல்லிலேயே ஆகப் பெரிய மணியைத் தேடிப் பிடித்தாள். அங்கேதான் வந்தது வினை. மணி முழுக்க வெளிறிக் கிடந்தது. நட்ட நடுவில் மட்டும் மங்கலாக ஒரு சின்னத் திட்டு. அந்தத் திட்டை அளந்தால், அச்சு அசல் மேல்குழிக் கல்.

பார்த்தவுடன் புரிந்துவிட்டது. இரண்டு பிறப்பெல்லாம் இல்லை, ஒரே பிறப்பு. பிறகு எந்தக் காலத்திலோ பாறைக்குள் இறங்கிய தண்ணீர், மணியின் ஓரத்திலிருந்து அலுமினியத்தை உருவிக்கொண்டு இரும்பை ஏற்றியிருக்கிறது. மேல்குழி இறுகிய கட்டி, தண்ணீருக்கு வழியில்லை. கீழ்க்குழியில் பொடி மணிகளை அது முழுசாகவே தின்றுவிட்டது. முழுசாக மாறிய மணியில் ஓரம் எது, நடு எது? மாறாதது என்று நம்பி, மாறியதையே இத்தனை நாளும் அளந்திருக்கிறார்கள்.

அவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மலைப்பாதையில் பேருந்து வரும்போது சிக்னல் கிடைக்காது என்று தெரிந்தும் போட்டாள். பதிலுக்கு நாத்தனார் கூப்பிட்டாள். மாடி வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறாளாம், சமையலறையில் வெளிச்சம் கொட்டுகிறதாம், அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டால் போதுமாம். அவள் ‘உம்’ கொட்டிவிட்டு வைத்தாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? மின்னலுக்கா? அவருக்கு எல்லாமே கல்லுதான். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம். அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம். குடித்தனம் வந்த பிறகு, மகள் தூங்கியதும், ஆற அமரச் சொல்லலாம். எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

நடைவழியில் அவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, பயணத்தில் கசங்கியிருந்தது.

“படம் அனுப்பவே இல்லையே?”

“நீங்க கொஞ்சம் உட்காருங்க.”

அவன் முகம் மாறியது. ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் ‘நீங்க’ போட்டால் ஏதோ விபரீதம் என்று அவனுக்குத் தெரியும். அவள் சொல்லி முடிக்கிற வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒரே ஒரு மணியை வெச்சு சொல்றே” என்றான்.

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நீதானே சொல்வே.”

“வெந்துச்சா இல்லையான்னு பார்க்கத்தான் அந்த ஒரு சோறு. பானையைப் போட்டு உடைக்க இல்ல.” பையின் வாரை முறுக்கினான். “சாயங்காலம் சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம். நீ தெரியாம பேசினதா ஆகும். நான் தெரிஞ்சே உட்கார்ந்திருந்ததா ஆகும். அப்புறம் அந்த வீட்ல உன் முகத்தை நான் எப்படிப் பார்க்கிறது?”

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேர்காணல் அறைக்குள் போனான்.

அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு வழியாக அவன் குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. அவனுக்கு முன்னால் போனவர் பேசிய நேரத்தில் பாதி கூட ஆகவில்லை. கதவு திறந்துவிட்டது.

படங்களைக் காட்டினானாம். கடைசியில், இது எல்லாம் தப்பு, இன்று காலைதான் தெரிந்தது என்றானாம். அப்படியானால் உங்கள் முடிவு என்ன என்று தேர்வுக்குழுத் தலைவர் கேட்டாராம். இன்னும் தெரியாது என்றானாம். நேர்மையைப் பாராட்டுகிறோம், அடுத்த முறை பார்ப்போம் என்று கை குலுக்கி அனுப்பிவிட்டார்களாம்.

“பாராட்டை வெச்சு வாடகை குடுக்கலாமான்னு கேட்டிருக்கணும்” என்றான். பிறகு, “உன் மேல கோவமா இருக்கேன். நாளைக்கும் இருப்பேன்.”

“இரு. எனக்கும் யார் மேலயாவது கோவப்படணும் போல இருக்கு, ஆள்தான் கிடைக்கல.”

அவனும் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான். முதலில் அவன்தான் எழுந்தான்.

“எங்கே அந்தச் சனியன்? காட்டு.”

மின்னல் திரையை மூடிவிட்டிருந்தார். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி திறந்தார். அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். ஓரத்தைச் சுட்டு விரலால் தொடர்ந்து வந்து, நடுத்திட்டின் அருகே நிறுத்தினான்.

“இவ்வளவுதான் மிச்சமா?”

“இந்தக் கல்லுல இவ்வளவுதான். ஒரு மணியை வெச்சு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. தண்ணி எட்டாத ஆழத்துல இருந்து கல் வேணும்.”

“கீழ்க்குழில இன்னும் துளை போடணும். மழைக்கு முன்னாடி முடியாது.”

“நீ அங்க இருந்தாத்தான் போடுவாங்க” என்றாள் அவள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எந்தப் பக்கம் துளை போட வேண்டும் என்று அப்போதே கணக்குப் போட ஆரம்பித்திருந்தான். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவனைக் கட்டிக்கொண்டதே அந்த முகத்துக்காகத்தான். அதை நினைத்தபோது எரிச்சல் இன்னும் கூடியது.