ஒரு சொட்டுத் தண்ணீரில் ஒரு பேரினம்

1

“…பளபளக்குதுன்னா லைட்டைத் திருப்பிப் பாருங்க அண்ணி.”

“திருப்பியாச்சு. இப்பவும் பளபளக்குது.”

கதை இங்கே தொடங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் வரைவில் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்தது. மொழிபெயர்ப்பு நாவல்களை அளவுக்கு மீறிப் படித்ததன் விளைவு. அடித்துவிட்டேன். இந்தக் கதை பிறந்தது பனியில் அல்ல, பசையில். செத்து உலர்ந்த அந்துப்பூச்சியின் வயிறு லேசாகத் தட்டினாலே கழன்று விழும், அருங்காட்சியகங்களில் அதை எடுத்து ஒட்டிவைப்பார்கள், சில நேரம் பக்கத்துப் பூச்சியின் வயிற்றை மாற்றி ஒட்டிவிடுவதும் உண்டு என்று எங்கோ படித்தேன். அன்றிலிருந்து இந்த இரண்டு பெண்களும் என் தலைக்குள் குடியேறி, வாடகையும் தராமல்… (இந்த வாக்கியம் வேண்டாம்.)

2

அண்ணி பூச்சிகளை வகைப்படுத்துகிறவள். நாத்தனார் அவற்றை நுண்ணோக்கியில் பார்த்து வரைகிறவள். அருங்காட்சியகத்தின் பின்னறையில் இருவருக்கும் ஒரே மேசை. வீட்டில் ஒரே சமையலறை. ஆகவே சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்வதில் சிரமமில்லை.

மேசைமேல், பழைய பெட்டியொன்றில் கிடைத்த ஒற்றை அந்துப்பூச்சி. புழுவாக இருக்கையில் சாண் போட்டு நடக்கும் குடும்பம் [‘நடுவுல கால் வைக்க மறந்துட்டாங்க’ என்பாள் நாத்தனார்]. காய்ந்த இலை நிறச் சிறகு, குறுக்கே அலையலையாகக் கோடுகள், சீப்புப் பற்கள்போல் உணர்கொம்பு. இதுவரை பழகிய முகம்தான். ஆனால் வயிற்று நுனியில் கறுப்பாக ஒரு குஞ்சம். இந்தச் சிறகும் அந்தக் குஞ்சமும் எந்தப் பேரினத்திலும், அதாவது நெருங்கிய இனங்களின் எந்தக் கூட்டத்திலும், சேர்ந்து இருந்ததில்லை. எனவே புதுப் பேரினம். அதற்கு நாத்தனாரின் பெயரை வைத்திருந்தாள் அண்ணி. அதை அறிவிக்கும் கட்டுரை இன்று மாலையில் அச்சுக்குப் போகிறது.

(அந்தப் பெயரை நான் சொல்லவில்லை. நிலைக்குமா என்று தெரியாதே.)

3

அண்ணியை நான் முழுதாக நம்பவில்லை. ஒரு வரைவில் அவள் அந்தப் பளபளப்பைப் பார்த்தும் பார்க்காததுபோல் பெட்டியை மூடினாள். நாத்தனார் சந்தோஷமாக இருந்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இன்னொரு வரைவில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். கிழித்துப்போட்டேன்.

நடந்தது இதுதான். சிறகு முளைத்த மார்பும் வயிறும் சேருமிடத்தில் மெல்லிய மினுக்கம். பழைய பூச்சிகளில் கசியும் கொழுப்பாக இருக்கலாம். பசையாகவும் இருக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கொழுப்பு அசையாது, பசை இளகும். இளகினால் வயிறு யாருடையதென்று எவரும் உறுதி சொல்ல முடியாது. பேரினம் போயிற்று.

நாத்தனார் குஞ்சத்தின் முடிகளை ஒவ்வொன்றாக வரைந்திருந்தாள். பெயர் வைத்த நாளிலிருந்து அவள் அண்ணன் அவளைப் பூச்சியம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தான். அவளும் கோபித்துக்கொள்வதுபோல் நடித்து, மறுபடி கூப்பிட மாட்டானா என்று காத்திருப்பாள்.

4

“இப்படியே விட்டுடுங்க அண்ணி. யாருக்குத் தெரியப்போகுது?”

“நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்ல. அதுவும் ஒரே சமையலறையில.”

அண்ணி சொட்டுக்குழாயை நிரப்பினாள். பூச்சிக்கு மேலே பிடித்தாள். விடவில்லை.

இரண்டு முடிவுகளையும் எழுதிவைத்திருக்கிறேன். காட்டமாட்டேன், எதைக் காட்டினாலும் நானே ஒட்டியது போலத்தான்.

அண்ணி குழாயை நாத்தனார் பக்கம் நீட்டினாள்.

“உன் பேரு இது. என் கையால வேணாம்டி. ஒரே ஒரு சொட்டு, நீயே விடேன்.”