மிச்சம் உள்ள மாப்பிள்ளை

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் அறையில் பிறந்தது. எக்ஸ்ரே எடுப்பவர் என்னை அசையாமல் உட்காரச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் மேல் எனக்கு வந்த பொறாமையை வீணாக்க மனம் வரவில்லை. தூக்கிக்கொண்டுபோய் ஓர் அணுமின் நிலையத்தில் வைத்தேன். வைத்ததும் அது தலைகீழாகிவிட்டது. அங்கே வெளியே நிற்பவர்தான் உள்ளே போகிறவரைப் பார்த்து வயிறெரிகிறார்.

2

'உலையின் பிரம்மாண்டமான சுவர்கள் மாலை வெயிலில்...'

(வேண்டாம். சுவருக்கு என்ன பொறாமை?)

வெல்டர் வெளியறையில், உலைக்குள் நடப்பதைக் காட்டும் கேமராத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இது பரவாயில்லை, தொடர்வோம்.

உலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் காலம். உள்ளே போகிறவர் மார்பில் ஒரு பேட்ஜ் இருக்கும். உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அது கணக்கு வைக்கும். வருடத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு. அதைத் தொட்டவர் அந்த வருடம் முழுக்க வெளியே. தொடாதவரை 'மிச்சம் உள்ளவர்' என்பார்கள்.

வெல்டருக்கு மிச்சம் தீர்ந்துவிட்டது. அவருடைய தங்கை கணவருக்கு நிறையவே இருந்தது. வெல்டரைத் தவிர யாரும் தொடாத குழாய் இணைப்பு இப்போது மாப்பிள்ளை கையில். ஃபோர்மேன் வேறு, கை சுத்தம் என்று கேன்டீனில் எல்லார் காதிலும் விழும்படி பாராட்டினார். வெல்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்ன மச்சான், திரையில நான் நல்லா தெரியுறேனா?"

"முகமூடி போட்டிருந்தீங்கல்ல மாப்பிள்ளை, அதனால நல்லாத்தான் தெரிஞ்சீங்க."

3

(வெல்டரைக் கொஞ்சம் நல்லவராக்கிப் பார்த்தேன். 'ஆனாலும் உள்ளுக்குள் அவர் மாப்பிள்ளை மேல் உயிரையே...' வாக்கியம் நகர மறுக்கிறது. பொய் என்று அதற்கே தெரிந்துவிட்டது.)

மறுநாளும் வெல்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கை ஒருமுறையாவது நடுங்காதா என்று காத்திருந்தார். கை நடுங்கவில்லை. ஆனால் வேலையைத் தொடங்குமுன் மாப்பிள்ளை மார்பிலிருந்து பேட்ஜைக் கழற்றி, ஈயத் தடுப்புக்குப் பின்னால் செருகினார். அங்கே கதிர் அவ்வளவாக எட்டாது. பேட்ஜும் எதையும் பெரிதாக எண்ணாது. அவருக்கு மிச்சம் தீராத ரகசியம் இதுதான்.

பாதுகாப்பு அதிகாரியும் அதே வெளியறையில்தான் இருந்தார். அவர் பார்த்தது கடிகாரத்தை.*

வெல்டருக்கு முதலில் வந்தது சந்தோஷம். தங்கையின் முகம் அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுத ஆசைதான்; அவர் விடவில்லை.

* ஒருவரை அவருடைய மனைவிகூட இத்தனை உன்னிப்பாகப் பார்ப்பதில்லை. பொறாமைப்படுகிறவர் பார்ப்பார்.

4

அன்று மாலை கூட்டம். வரம்பைப் பாதியாகக் குறைக்கலாமா என்று பேச எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றார் நிலையத்து டாக்டர். அப்படியானால் இரண்டு மடங்கு ஆள் வேண்டும் என்றார் மேனேஜர். மிச்சம் தீர்ந்தவருக்கு யார் வேலை தருவது என்று சங்கத் தலைவர் மேசையைத் தட்டினார்.

மாப்பிள்ளை எழுந்தார். "என்னையே எடுத்துக்கங்க. மத்தவங்கள விட அதிக வேலை பாக்குறேன், பாதிகூட ஏறல. மளமளன்னு முடிச்சிட்டு வெளிய வந்தா இப்ப இருக்கிற வரம்பே போதும்."

மேனேஜர் தலையாட்டினார். டாக்டர்கூட யோசிக்க ஆரம்பித்தார். சில கண்கள் மிச்சம் தீர்ந்த வெல்டர் பக்கம் திரும்பின.

தேநீர் இடைவேளையில் வெல்டர் மாப்பிள்ளையை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பேட்ஜ எங்க வச்சீங்கன்னு பாத்தேன்."

"பாத்துக்கிட்டேதான இருக்கீங்க மச்சான். போய்ச் சொல்லுங்க. ஏன் சொல்றீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

வெல்டருக்கும் தெரியும்.

5

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறார். மாப்பிள்ளைக்கு வேலை போகிறது. தங்கை கதவைச் சாத்துகிறாள். வயிற்றெரிச்சல் என்கிறார்கள். பொய்யில்லை.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. ஒரு பொய்க் கணக்கை நம்பி வரம்பு அப்படியே நிற்கிறது. எல்லாரும் அதன்படியே உள்ளே போகிறார்கள். மாப்பிள்ளையின் எலும்புக்குள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று

(இதையும் முடிக்க முடியவில்லை. எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.)

இடைவேளை முடிந்துவிட்டது. "நீங்க என்ன சொல்றீங்க?" என்று டாக்டர் வெல்டரைத்தான் கேட்கிறார். வெல்டர் எழுந்துவிட்டார். எதிரில் மாப்பிள்ளை புன்னகைக்கிறார். அந்தப் புன்னகையைப் பார்த்தால் எனக்கே எரிகிறது. ஆகவே என் தீர்ப்பு இங்கே செல்லாது.

உங்களுக்கு எரியவில்லையென்றால், அவர் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள்.