துண்டுக்கு அடியில் ஒரு கடை

என் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் புரியாது. அந்த வீட்டில் வளர்ந்த நான்தான், சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேயரில் ஓர் அறை பிடித்து இன்டர்நெட் கடை வைத்து ஏமாந்தேன்.

எல்லா கம்ப்யூட்டரிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டவன் கூட்டாளி சிவபிரகாஷ். எனக்கும் வாடிக்கையாளருக்கும் படம் படமாகத் திரை, மவுஸால் தொட்டால் திறக்கும். அவனுக்கும், வேலைக்கு இருந்த வைஜெயந்திக்கும் வெறும் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.

“இதையும் கொஞ்சம் கத்துக்கங்கண்ணே. நம்ம சாட்டிலைட் லைன்ல படம் அசைய மாட்டேங்குது. கட்டளை அடிச்சா சட்டுனு முடிஞ்சிரும்.”

“கடைன்னா கண்ணுக்கு லட்சணமா இருக்கணும்டா. கரும்பலகை பார்க்கவா கப்பலேறி வந்தேன்?”

கடையின் இரு மூலைகளில் அவர்கள். நடுவில் நான். டக்டக்கென்று தட்டிக்கொண்டே இருப்பார்கள். கேட்டால், “மெஷின் சரி பண்றோம்ணே.” என்ன உழைப்பு என்று சாத்தம் ஜெட்டிப் படகுத்துறை வரைக்கும் பெருமை பேசினேன்.

அறையின் வாடகை ஒப்பந்தம் அந்த மாதம் முடிந்தது. அது போனால் கடையும் போச்சு. உரிமையாளர் ஐயாவுவோ போனையே எடுக்கவில்லை.

“நாளைக்கு ஐயாவு வீட்டுக்கே போய் கையெழுத்து வாங்கிடறேன்,” என்றேன், சத்தமாக.

சிவபிரகாஷின் மூலையில் டக்டக். நின்றது. எதிர்மூலையில் வைஜெயந்தி தன் திரையைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். பதிலுக்கு அவள் தட்டினாள். இவன் தலையாட்டினான்.

சந்தையில் நான் துண்டைப் பார்த்ததே இல்லை, முகங்களைத்தான் பார்ப்பேன். இங்கேயோ இத்தனை மாதமும் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மெஷினுக்கு என்னம்மா வியாதி?”

வைஜெயந்தி குனிந்துகொண்டாள். சிவபிரகாஷ்தான் எழுந்தான். “ரூம் ஒப்பந்தத்தை ஐயாவு எங்க பேருக்கு எழுதிட்டாருண்ணே. நானும் இவளும் தனியா நடத்தப் போறோம்.”

“எப்படா பேசி முடிச்சீங்க? நான் நடுவுலயே உட்கார்ந்திருந்தேனே!”

“இங்கேயேதான். மெஷின் விட்டு மெஷின் எழுதற கட்டளை இதுல இருக்கு. முதல் நாளே காட்டினேன். நீங்கதான் ‘பஸ் கரோ, நிறுத்துடா, படம் போதும்’னீங்க.”

தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் திரைமேல் போட்டேன்.

“சந்தையிலயும் மாட்டை நடுவுல நிறுத்தித்தான்டா பேரம் பேசுவாங்க. இங்க மாடு நான்னு தெரியாமப் போச்சு.”

“துண்டை எடுங்கண்ணே, கஸ்டமர் வர்றாங்க,” என்றான்.

அவனுடைய கஸ்டமர்.