சிம்பல் அடங்கும்வரை

அண்ணன் என்னைக் கழற்றிவிடப் போகிறான் என்று எனக்குச் சொன்னது என் டிரம்ஸ் மைக்தான். மனுஷன் ஒருத்தனும் சொல்லவில்லை.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். கிட்டார் அவன். பேஸ் கிட்டார் வாசிப்பவனுக்கு ஆமை என்று பேர். மெதுவாகப் பேசுவான், மெதுவாகத் தின்பான், சண்டை என்று வந்தால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வான். டிரம்ஸ் நான். எங்கள் ராக் இசையில் பாடுகிற ஆளே கிடையாது. விளம்பரத்தில் ஒருவர் காரைப் பற்றி அளந்துவிடும்போது பின்னால் ஓடுமே, தொடரில் நாயகன் வேலையை உதறிவிட்டுத் தெருவில் நடக்கும்போது வருமே, அந்த மாதிரி டிராக்குகள். செய்து ஒரு மியூசிக் லைப்ரரிக்குக் கொடுப்போம். படம் எடுப்பவர்கள் அங்கே வந்து கேட்டுப் பார்த்து, உரிமம் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள்.

முழு டிராக்கை மட்டும் கொடுத்தால் லைப்ரரி வாங்காது. டிரம்ஸ் தனி, பேஸ் தனி, கிட்டார் தனி என்று பிரித்தும் கொடுக்க வேண்டும். எவன் எதை மட்டும் எடுத்துப் போடுவான் என்று யாருக்குத் தெரியும்? அதனால் டிரம்ஸ் ஃபைலில் நான் அடிக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும் இடங்கள் துடைத்துவைத்த மாதிரி இருக்க வேண்டும். மைக் என்னவோ திறந்தேதான் கிடக்கும். நாற்காலி கிறீச்சிடுவது, ஆமை ஏப்பம் விடுவது எல்லாம் அதில் விழும். அதை ஒவ்வொன்றாகக் கேட்டு வெட்டுவது என் வேலை.

கடைசி டிராக்கை வெட்டிக்கொண்டிருந்தேன். ஆல்பத்திலேயே அதுதான் உசத்தி. லைப்ரரிக்காரம்மாவே அதை முகப்பில் வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். நடுவில் எல்லாம் சட்டென்று நிற்கும். பெரிய சிம்பலை, அந்தப் பித்தளைத் தட்டை, ஒரே ஒரு அடி. அது ரீங்கரித்து ரீங்கரித்து அடங்கும்வரை நான் கையைக் கட்டிக்கொண்டிருப்பேன். முழு டிராக்கில் அந்த இடத்தில் கிட்டாரின் நீண்ட உறுமல் ஒன்று ஓடும். டிரம்ஸை மட்டும் தனியாகப் போட்டால், அங்கே அண்ணன் குரல் இருந்தது.

"...அதுக்குத்தானே தனித்தனியா அடிக்க வச்சேன்! அடுத்த ஆல்பத்துக்கு சண்டி வேணாம். பட்டனத் தட்டினா அவ வாசிச்ச மாதிரியே வரும்."

சண்டி நான்தான்.

"அவகிட்ட சொல்லிட்டியா?" இது ஆமை.

"எதுக்கு?"

நடந்தது இதுதான். அவர்கள் இரண்டு பேரும் தங்கள் பங்கை முன்பே வாசித்து முடித்திருந்தார்கள். அதை ஹெட்போனில் கேட்டபடி நான் வாசித்துக்கொண்டிருந்தேன். என் சத்தத்தை மீற அவர்கள் கத்திப் பேசியிருக்கிறார்கள். நான் சட்டென்று நிறுத்திய இடத்தில் அவர்களுக்கு வாயை நிறுத்தத் தெரியவில்லை.

தனித்தனியாக அடித்ததும் ஞாபகம் வந்தது. போன வாரம் ஒரு மதியம் முழுக்க ஒவ்வொரு டிரம்மையும் சிம்பலையும் மெல்ல ஒன்று, ஓங்கி ஒன்று, இன்னும் ஓங்கி ஒன்று என்று அடிக்கச் சொன்னான். லைப்ரரி கேட்கிறது என்றான். என் ஸ்நேர் டிரம்முக்கு வந்த வாழ்வைப் பார் என்று பூரித்துப்போய் அடித்தேன், லூசு மாதிரி. அந்த ஒற்றை அடிகளைக் கம்ப்யூட்டரில் கோத்தால் நான் இல்லாமலே என் டிரம்ஸ் ஓடும்.

இரண்டு பேரும் வந்ததும் ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் போட்டேன். ஆமை கதவைப் பார்த்தான்.

"உக்காரு. ஓட்டுக்குள்ள போக இன்னும் நேரம் இருக்கு," என்றேன்.

அண்ணன் கிட்டாரைக் கீழே வைக்கவே இல்லை. "ஒட்டுக்கேக்குற புத்தி எப்ப வந்துச்சு உனக்கு?"

"நீ கத்தினது என் மைக்குல."

"சரி, கேட்டுட்டல்ல? நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? என் கல்யாணப் பந்தியிலயா?"

"இதான். வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு. ஒழுங்கா வாசிச்சிருந்தா நான் ஏன் இதெல்லாம் பண்றேன்? ஒவ்வொரு டிராக்லயும் பாதி தாண்டினதும் நாய் தொரத்தின மாதிரி ஓடுற. எடிட் பண்றவன் எங்க வெட்டுவான், எங்க ஒட்டுவான்? எத்தன தடவ திருப்பி அனுப்பினாங்க! யாரால?"

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பிடித்த இடம் நெருங்கினால் என் கால் முந்திக்கொள்ளும், தாளம் ஓட்டமெடுக்கும். அதை அடக்க எனக்குத் தெரியாது.

"அப்ப ஓடாதன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். என் கையத் திருடி டப்பாவுல போட்டு வச்சுக்குவியா?"

"பெரிய கை! நாலு தோலு, ரெண்டு தகரம்."

"அந்தத் தகரம் என்னோடதுடா."

"டா போடாத."

"போடுவேன்டா!"

கதவு திறந்தது. பெரியப்பா. நாங்கள் இருப்பது அவருடைய மெத்தைக் கடையின் பின்னால் உள்ள கிடங்கு. விற்காத மெத்தைகளைச் சுவர் நெடுகச் சாய்த்துவைத்துத்தான் ஸ்டுடியோ ஆக்கியிருந்தோம்.

"அடிச்சுக்கிறத அப்புறம் அடிச்சுக்குங்க. அந்த டபுள் மெத்தய எடுங்க, ஆள் வந்திருக்காரு."

மூன்று பேரும் மெத்தையைத் தூக்கினோம். என் முழங்கை கதவு நிலையில் இடிக்கிற மாதிரி அண்ணன் அவன் பக்கத்தை வெட்டி இழுத்தான். நான் என் பக்கத்தைப் பொத்தென்று அவன் கால் மேல் விட்டேன். வாங்க வந்தவர் ரொம்பப் பாசமான குடும்பம் என்று நினைத்திருப்பார்.

திரும்பி வந்ததும் அண்ணன் என்னைத் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். தனியாக அடித்து வைத்திருந்த சிம்பல் சத்தத்தை எடுத்தான். பேச்சு விழுந்த இடத்தை வெட்டினான். இதை ஒட்டினான்.

"கேளு."

கேட்டேன். பேச்சு இல்லை. எங்கே ஒட்டினான் என்றே தெரியவில்லை. என் அடி, என் சிம்பல், எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

"இப்ப சொல்லு. நீ எதுக்கு?"

அழுதால் அவன் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். போனை எடுத்துக் காட்டினேன். வாசித்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வாசிப்பைக் கொடுக்கச் சம்மதம் என்று லைப்ரரிக்கு அவரவர் போனிலிருந்து சொல்ல வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் காலையிலேயே சொல்லிவிட்டார்கள்.

"நான் எதுக்கா? இதத் தட்டுறதுக்கு. தட்டலன்னா ஆல்பம் போகாது. இன்னிக்குத்தான் கடைசி."

"உன் வாசிப்பும் சேர்ந்துதான் குப்பைக்குப் போகும்."

"போகட்டும். உன்னோடதும் போகுமில்ல?"

"அப்ப என்னோடது?" என்றான் ஆமை.

"நீ சும்மா இரு!" என்றோம் இருவரும். அன்று நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டான் அண்ணன்.

"தனியா அடிச்சதெல்லாம் அழி. என் கண்ணு முன்னாடி."

அவன் அழித்தான். ஒவ்வொன்றாக, ஏதோ அவன் வீட்டு நகையை அடகு வைக்கிற மாதிரி. முடித்துவிட்டுக் கையை விரித்தான். ஆமை தன் பையைத் துழாவி ஒரு சின்ன டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்தான்.

"இதுலயும் ஒரு காப்பி இருக்கு."

"உன்ன எவன்டா கேட்டான்?" அண்ணன் குரல் கீச்சிட்டது.

அதையும் அழிக்க வைத்தேன். டிராக்கில் ஒட்டிய சிம்பலும் போயிற்று. அந்த இடத்தில் பழையபடி அவன் குரல்.

"இந்த ஓட்டைய யாரு அடைப்பா?" என்றான்.

"நான் வாசிக்கிறேன்."

"அந்த இடத்த மட்டும் வாசி."

"செவுத்துல ஒரு மெத்த போயிருச்சு, ரூம் சத்தமே மாறிருச்சு. ஒட்டுனா பல்லிளிக்கும். முழுசா வாசிக்கணும்."

"ஓடாம வாசி."

"வாய மூடிட்டு உக்காரு."

ஹெட்போனை மாட்டினேன். பாதி வரை ஒன்றும் தோன்றவில்லை. பிறகு எனக்குப் பிடித்த இடம் நெருங்கியது. கால் முந்தத் துடித்தது. முந்தினால் அவன் சொன்னது சரியாகிவிடும். அந்த ஒரு காரணத்துக்காகக் காலைக் கட்டிப்போட்டேன். வேறு எந்த நல்லெண்ணமும் கிடையாது. அடிக்கு அடி அவன் மேல் வெறுப்பை எண்ணி எண்ணி இறக்கினேன்.

நிறுத்தம். சிம்பல்.

கையைக் கட்டிக்கொண்டேன். ஹெட்போனில் அவன் கிட்டார் உறுமியது. எதிரே நிஜ அவன் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தான். ஆமை மூச்சைப் பிடித்துக் கன்னம் உப்பியிருந்தான். சிம்பலின் ஆட்டம் குறைந்து, விளிம்பில் மட்டும் நடுங்கி, அதுவும் நின்றது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே இருந்தோம். பிறகு நான் மறுபடி தாளத்தைப் பிடித்துக் கடைசி வரை வாசித்தேன்.

அண்ணன் திரையில் தாளக் கோடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஒவ்வொரு அடியும் கோட்டின் மேலேயே நின்றது.

"இத மொதல்லயே வாசிச்சிருக்கலாம்ல?"

"வாசிச்சிருந்தா வச்சுக்கிட்டிருப்பியா?"

அவன் மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தான். அந்தப் பதில் எனக்குப் போதும். டிரம்ஸ் ஃபைலை நானே துடைத்தேன். நானே அனுப்பினேன். போனில் சம்மதத்தைத் தட்டினேன். அப்புறம் சிம்பலைத் திருகிக் கழற்ற ஆரம்பித்தேன்.

"இன்னிக்கேவா?" என்றான்.

"இன்னிக்கே."

"போ. ஊருல டிரம்மருக்கா பஞ்சம்?"

"நிறைய இருக்கான். எவனையாவது கூட்டிட்டு வந்து அவன்கிட்டயும் லைப்ரரி கேக்குதுன்னு சொல்லு."

எல்லாவற்றையும் கட்டிவிட்டு, பெரிய டிரம்மைத் தூக்கத் தடுமாறினேன். ஆமை எழுந்து வந்து மறுபக்கம் பிடித்தான்.

"ஆமை, உக்காருடா!" என்றான் அண்ணன்.

ஆமை நின்றுவிட்டான். டிரம்மை விடவும் இல்லை, அடி எடுத்து வைக்கவும் இல்லை. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் டிரம்மின் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெடுக்கென்று இழுத்தேன். அவன் கை நழுவியது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரே ஒன்றும் தெரியாமல், மெத்தைகளுக்கு நடுவே தோள் இடிக்க இடிக்கக் கடை வழியாக வெளியே வந்தேன்.